ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் பாடம் குறித்து

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஒன்பதாம் வகுப்புக் கணக்கு நோட்டுகளை இந்த வாரம் நானே உட்கார்ந்து பார்த்தேன். அறிவியல் குறியீட்டில் (மிகப் பெரிய, மிகச் சிறிய எண்களை 5 × 10² போலப் பத்தின் அடுக்கோடு எழுதும் முறை) உள்ள எண்களை வகுக்கும்போது பிள்ளைகள் பலர் தடுமாறுகிறார்கள். குறை அவர்களிடம் இல்லை. இந்தப் பாடத்தை நாங்கள் வேகமாகக் கடந்துவிட்டோம். அதனால் இன்னும் இரண்டு வகுப்புகள் இதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

ஒரு கணக்கைச் சொல்கிறேன். சூரியன் நம்மிடமிருந்து ஏறத்தாழ 1.5 × 10¹¹ மீட்டர் தொலைவில் இருக்கிறது. ஒளி நொடிக்கு 3 × 10⁸ மீட்டர் போகும். சூரிய ஒளி நம்மிடம் வந்துசேர எவ்வளவு நேரம் ஆகும்? முன்னால் உள்ள எண்களைத் தனியே வகுத்தால் 1.5 ÷ 3 = 0.5. அடுக்குகளை, அதாவது 10-இன் மேலே சிறிதாக எழுதிய எண்களை, கழித்தால் 11 − 8 = 3. ஏன் கழிக்கிறோம்? மேலே பதினொரு பத்துகள், கீழே எட்டு பத்துகள். எட்டுக்கு எட்டு அடிபட்டு மூன்று மிஞ்சுகிறது. இது மனதில் பதிந்துவிட்டால் 11-ஐ 8-ஆல் வகுக்கும் தவறு வராது.

கிடைத்தது 0.5 × 10³. மதிப்பு சரி, வடிவம் சரியில்லை. முன் எண் 1-க்குக் குறையக் கூடாது, 10-ஐ விடக் குறைவாக இருக்க வேண்டும். 0.5-ஐ 5 ஆக்கினால் பத்து மடங்கு கூட்டிவிட்டோம். அதை ஈடுகட்ட அடுக்கில் ஒன்று குறைய வேண்டும். விடை 5 × 10², அதாவது 500 நொடி. எட்டு நிமிடம் இருபது நொடி. அடுக்கைக் குறைக்காமல் கூட்டி, 5 × 10⁴ என்று எழுதியவர்கள் நிறைய. அப்படியானால் ஒளி வந்துசேர ஏறக்குறைய பதினான்கு மணி நேரம் ஆகும்!

குறை அடுக்கு வந்தால் குழப்பம் கூடுகிறது. புரோட்டானும் எலக்ட்ரானும் அணுவுக்குள் இருக்கும் துகள்கள். புரோட்டானின் நிறை 1.67 × 10⁻²⁷ கிலோகிராம், எலக்ட்ரானின் நிறை 9.11 × 10⁻³¹ கிலோகிராம். முதலாவதை இரண்டாவதால் வகுக்கும்போது அடுக்கு −27 − (−31) = 4. பலர் −58 என்று எழுதியிருந்தார்கள். முன் எண்களை வகுத்தால் சுமார் 0.183; அதை 1.83 ஆக்கும்போது அடுக்கு 4-இலிருந்து 3 ஆகிறது. சரியான விடை சுமார் 1.83 × 10³. புரோட்டான் அத்தனை மடங்கு கனமானது.

அப்புறம், கால்குலேட்டர். அடைப்புக்குறி போடாமல் 1.5 × 10¹¹ ÷ 3 × 10⁸ என்று அப்படியே தட்டினால், 3-ஆல் வகுத்துவிட்டு 10⁸-ஆல் பெருக்கிவிடும். 5 × 10¹⁸ என்று காட்டும். கையால் போட்டுப் பார்த்த பிறகு அதைத் தொடட்டும்.

உங்களுக்குக் கணக்கு மறந்திருந்தாலும் பரவாயில்லை. வகுக்கத் தொடங்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "விடை பெரிசா வருமா, சின்னதா வருமா? ஏன்?" பிள்ளை யோசித்துச் சொல்லும்வரை காத்திருங்கள், அவசரப்படுத்த வேண்டாம்.

வெள்ளிக்கிழமை இதில் ஒரு சிறு தேர்வு உண்டு. மதிப்பெண் பதிவாகாது, எந்தப் படியில் சிக்கல் என்று தெரிந்துகொள்ளத்தான். அடித்துத் திருத்திய இடங்களையும் அழிக்காமல் அப்படியே விடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்