திறந்த கதவும் வராத மாணவியும்

அன்புத் தோழி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். அரசியல் அறிவியல் துறைத் தலைவர் பொறுப்பு உனக்கு வந்ததில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் அடுத்த பக்கத்திலேயே, ஆய்வுக்கு நேரம் வேண்டும் என்று ஆசிரியர்களும் ஆசிரியர்களைப் பார்க்கவே முடியவில்லை என்று மாணவர்களும் உன்னிடம்தான் வந்து நிற்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. அதுதான் கஷ்டம்.

நான் என் அறைக் கதவை மூடியதே இல்லை என்பது உனக்குத் தெரியும். யாரும் எப்போதும் வரலாம் என்பதில் பெருமைகூடப் பட்டிருக்கிறேன். போன ஆண்டு கடைசியில் ஒரு மாணவி ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். கூட்டணி ஆட்சிகள் ஏன் கவிழ்கின்றன என்பது தலைப்பு. கவிழ்ந்த ஆட்சிகளை மட்டும் அவ்வளவு உழைப்போடு படித்திருந்தாள். முழுக்காலம் நிலைத்த ஆட்சி ஒன்றுகூட இல்லை. ஒப்பிட எதுவும் இல்லாதபோது காரணத்தை எப்படிச் சொல்வது? முதல் மாதமே வந்திருந்தால் பத்து நிமிடத்தில் சரிசெய்திருக்கலாம். ஏன் வரவில்லை என்று கேட்டேன். "நீங்க எப்பவும் யார்கூடயாவது பேசிட்டு இருந்தீங்க மேடம், தொந்தரவு பண்ண வேண்டாம்னு திரும்பிப் போயிட்டேன்" என்றாள். அவள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவள்தான்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆண்டு முழுக்க என் அறையில் உட்கார்ந்து பேசியவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். திரும்பத் திரும்ப அதே பத்துப் பன்னிரண்டு பேர், கேட்டால் கிடைக்கும் என்று வீட்டிலேயே கற்றுக்கொண்டு வந்தவர்கள். பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் எழுதியதை நாம் இருவருமே பாடமாக நடத்துகிறோம்: ஓர் அமைப்பில் மனக்குறை வந்தால் ஒருவர் குரல் கொடுக்கலாம், அல்லது விலகிப் போகலாம். இவள் சத்தமில்லாமல் விலகிப் போயிருக்கிறாள், அதுவும் என் வாசலிலிருந்து.

இந்த ஆண்டு முறையை மாற்றினேன். திங்கள், புதன் காலைகளில் கதவு மூடியிருக்கும். செவ்வாய், வியாழன் பிற்பகல்களில் பதினைந்து நிமிடத்துக்கு ஒருவர், பெயரெழுதும் தாள் வாசலில் தொங்கும். முதல் மாதத்துக்குள் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது வந்தாக வேண்டும். இதைக் கட்டாயமாக்கியதுதான் பெரிய வித்தியாசம், ஏனென்றால் வருவதற்கு இப்போது தைரியம் தேவையில்லை. மூடிய காலைகள் எனக்கும் உயிர் கொடுத்தன. நேர்காணல் பதிவுகளை வாசித்து வகைப்படுத்தும்போது நடுவில் இரண்டு முறை எழுந்தால் அந்த நாளே போய்விடுகிறது, இதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நல்ல ஆய்வாளர் என்றால் நல்ல ஆசிரியராகவும் இருப்பார், அதனால் ஆய்வு நேரத்தைக் கூட்டினாலே போதும் என்று உங்கள் துறையில் ஒருவர் வாதாடியதாக எழுதியிருந்தாய். அதை ஏற்காதே. கல்வி ஆய்வாளர்கள் ஹாட்டியும் மார்ஷும் 1996-இல் 58 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது இரண்டுக்கும் இடையே கிடைத்த தொடர்பு 0.06 தான் (1 என்றால் முழுத் தொடர்பு), கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். நம் ஆய்வை நாமே கொண்டுபோய்க் கொடுத்தால்தான் மாணவர்களுக்குப் போய்ச் சேரும்.

நம் துறைக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. தேர்தல் வந்தால் நாம் களத்துக்குப் போக வேண்டும், மாணவர்களுக்கு ஆயிரம் கேள்வி எழுவதும் அதே வாரங்களில்தான். பருவ அட்டவணை இதற்கெல்லாம் காத்திருக்காது. யார் எப்போது களப்பணிக்குப் போகிறார்கள், அவர்களுடைய மாணவர்களை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதைப் பருவம் தொடங்கும்போதே எழுதி வைத்துவிடு.

ஒன்றை மட்டும் உன்னிடம் கெஞ்சிக் கேட்கிறேன். வேலையைப் பிரிக்கும் முன், மாணவர்கள் உண்மையில் யாரிடம் போகிறார்கள் என்று பார். எங்கள் துறையில் ஒப்பந்த ஆசிரியர்களிடமும் இளைய பெண் ஆசிரியர்களிடமும்தான் அழுதுகொண்டு வருகிறார்கள். அந்த மணிநேரங்கள் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. பதவி உயர்வு நேரத்தில், கட்டுரைகள் ஏன் குறைவு என்று அவர்களைத்தான் கேட்கிறார்கள். இது அநியாயம். உன் கையெழுத்துக்கு அதிகாரம் இருக்கும்போதே மாற்றிவிடு.

விதிகளை எழுதும் கூட்டத்துக்கு மாணவர்களையும் கூப்பிடு. பொதுவளத்தைப் பயன்படுத்துகிறவர்களே விதி வகுப்பதில் பங்கெடுக்கும்போது அது நீடிக்கிறது என்று அரசியல் அறிஞர் எலினார் ஆஸ்ட்ரோம் 1990-இல் காட்டினார். அவர் எழுதியது மேய்ச்சல் நிலம், பாசனம், மீன்பிடி பற்றி. ஒரு துறையின் நேரமும் அப்படிப்பட்டதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த மாணவிக்குக் கூடுதல் அவகாசம் வாங்கிக் கொடுத்தேன். நிலைத்த ஆட்சிகள் நான்கைச் சேர்த்து முழுவதையும் திருப்பி எழுதினாள். இப்போது முதுகலையில் இருக்கிறாள், வியாழக்கிழமைத் தாளில் முதல் பெயர் பெரும்பாலும் அவளுடையதுதான்.

என் நூலின் நான்காம் இயலை இத்துடன் அனுப்புகிறேன். மூடிய கதவுக்குப் பின்னால் எழுதியது. பழைய வழக்கப்படி சிவப்பு மையில் திருத்தி அனுப்பு, தயவு பார்க்காதே.

உன் தோழி