வாக்கும் காரணமும் பெயருடன் பதிவாகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ரிசர்வ் வங்கியின் அறிவிப்பு வரும்போதெல்லாம் வட்டி ஏறியதா, இறங்கியதா என்பதே பேச்சாகிறது. அம்முடிவு எடுக்கப்படும் முறை கவனம் பெறுவதில்லை. முன்பு ஆலோசனைக் குழு ஒன்று இருந்தபோதிலும், இறுதி முடிவு ஆளுநர் ஒருவருடையதாகவே இருந்தது. 2016-இல் ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்ட பின், வங்கித் தரப்பில் மூவரும் மத்திய அரசு நியமிக்கும் மூவருமாக ஆறு பேர் கொண்ட நிதிக் கொள்கைக் குழு பெரும்பான்மை வாக்கால் அதைத் தீர்மானிக்கிறது. வாக்குகள் சமமானால் ஆளுநருக்கு இரண்டாவது வாக்கு உண்டு.

ஒருவர் இடத்தில் ஆறு பேர் அமர்ந்துவிட்டதாலேயே முடிவு சிறந்துவிடும் என்று நான் நம்பவில்லை. உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வாக்குக்கான காரணத்தை எழுதித் தர வேண்டும், கூட்டம் முடிந்த 14-ஆம் நாள் அது பெயருடன் வெளியாக வேண்டும் என்ற விதிதான் இந்த ஏற்பாட்டுக்கு மதிப்பைத் தருகிறது. 2024 ஜூன், ஆகஸ்ட் கூட்டங்களில் ரெப்போ விகிதம் (வங்கிகளுக்குத் தரும் குறுகிய காலக் கடனுக்கு ரிசர்வ் வங்கி வாங்கும் வட்டி) 6.5 சதவீதத்திலேயே நீடிக்கட்டும் என்று நால்வர் வாக்களிக்க, மற்ற இரு உறுப்பினர்களான ஜெயந்த் வர்மாவும் அஷிமா கோயலும் கால் சதவீதம் குறைக்க வேண்டும் என்றனர். எத்தரப்பு சரி என்பதைப் பொருளியல் அறிஞர்கள் ஆராயட்டும். ஏற்கப்படாத கருத்தும் காரணத்தோடு எவரும் படிக்கக் கிடைப்பதையே நான் பெரிதாகக் கருதுகிறேன்.

கடன் ஒப்புதல் குழுக்களில் பல ஆண்டுகள் அமர்ந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். தலைமை வகிப்பவர் முதலிலேயே தம் விருப்பத்தைச் சொல்லிவிட்டால், ஐயம் உள்ளவர்களும் வாய் திறக்காமல் கையெழுத்திடுவார்கள். குறிப்பேட்டில் ‘ஒருமனதாக’ என்று ஏறிவிடும். அக்கடன் பின்னாளில் வாராக்கடனாகும்போது, விளக்கம் கேட்டு மெமோ வருவதோ கோப்பைத் தயாரித்த இளநிலை அலுவலருக்குத்தான்.

ஆகவே, கூட்டுறவுச் சங்க நிர்வாகக் குழு முதல் பல்கலைக்கழக ஆட்சிக்குழு வரை, தலைவர் இறுதியில் பேசுவதையும் மாற்றுக் கருத்து பெயருடன் தீர்மானப் புத்தகத்தில் எழுதப்படுவதையும் அரசு கட்டாயமாக்க வேண்டும். வெள்ளத்தின்போது மதகைத் திறப்பது போன்ற உடனடி முடிவுகள் ஒருவரிடமே இருக்கட்டும்; அங்கும் உத்தரவிட்டவரின் பெயரும் காரணமும் எழுத்தில் இருக்க வேண்டும்.

இதனால் குழுவின் ஒற்றுமை குலையும் என்று அஞ்சத் தேவையில்லை. 2022 மே மாதம் அட்டவணையில் இல்லாத கூட்டத்தில் ரெப்போ விகிதம் 4 சதவீதத்திலிருந்து 4.4 ஆக உயர்த்தப்பட்டபோது, ஆறு பேரும் ஒருமனதாகவே வாக்களித்தனர். அதற்கான காரணத்தையும் ஆறு பேரும் தனித்தனியே எழுதினர்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வங்கி அலுவலர்,
கும்பகோணம்.