நவம்பர் 30 நினைவுத் திருப்பலி: பங்கின் எல்லா அன்பியங்களுக்கும் (பகுதிக் குடும்பக் குழுக்களுக்கும்)

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க!

வரும் 30ஆம் தேதி மாலை 5 மணிக்கு நம் ஆலயத்தில் ஒக்கிப் புயல் நினைவுத் திருப்பலி. 2017இல் கடலில் தங்கித் தொழில் செய்யப் போன தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பிள்ளைகள் பலர் திரும்பவில்லை. மீனவரான புனித அந்திரேயாவின் திருநாளும் இதே தேதிதான். சிலருக்கு அது ஆறுதல், சிலருக்கு இன்னும் முள். இரு சாராருக்கும் ஆலயத்தில் இடம் உண்டு.

அந்த நாட்களில் ஆலய முற்றம்தான் நமக்குக் கட்டுப்பாட்டு அறை. ஒரு பக்கம் செபமாலை, இன்னொரு பக்கம் நோட்டில் படகுகளின் பேர். லட்சத்தீவில் ஒதுங்கிய படகின் பேரை மைக்கில் வாசித்ததும், தன் வீட்டுப் படகு அதில் இல்லாதவர்களும் அழுதார்கள். டிசம்பர் 7 அன்று, காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி குழித்துறையில் தண்டவாளத்தில் உட்கார்ந்ததும் இதே கூட்டம்தான். செபம் வேறு, போராட்டம் வேறு என்று அன்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

உடல் கிடைக்காத வீடுகளுக்குக் கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி வைக்க இடமில்லை. அதனால் திருப்பலி முடிந்ததும் கடற்கரைக்குப் பவனி. அங்கே மெழுகுவர்த்தி ஏற்றுவோம். காற்று இருக்கும், கண்ணாடிக் கூடு கொண்டு வாருங்கள்.

பேர் வாசிக்க வேண்டிய குடும்பங்கள் உங்கள் அன்பியப் பொறுப்பாளரிடம் 28க்குள் கொடுத்துவிடுங்கள். அப்புறம், அன்று ஒருநாள் வாட்ஸ்அப் குழுவில் குட்மார்னிங் படங்கள் வேண்டாம். வானிலை எச்சரிக்கை மட்டும் எந்நேரமும் போடலாம்.