மகளுக்கு: உன் அத்தை குடம் தூக்காத மூன்று மாதம்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது.

போனில் சொன்னதில் பாதி உனக்குக் கேட்டிருக்காது. பாம்பன் காற்று இரைச்சல்தான் என் காதிலும் விழுந்தது. அதனால் எழுதி அனுப்புகிறேன். அடுப்படியில் காலண்டருக்குப் பக்கத்தில் குத்தி வை. வீட்டில் எல்லோரும் படிக்கட்டும், மாப்பிள்ளையும்தான்.

முதலில் அத்தைக்கு மதுரையில் நடந்த ஆபரேஷனில் உள்ளே என்ன செய்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள். இறங்கி வந்த கர்ப்பப்பையைக் கீழ்வழியாகவே எடுத்துவிட்டார்கள். முன்பக்கம் மூத்திரப்பை சரிந்த இடத்தையும், பின்பக்கம் மலக்குடல் பிதுங்கிய இடத்தையும் இழுத்துத் தைத்திருக்கிறார்கள். கர்ப்பப்பை இருந்த உச்சி மறுபடி சரியாமலிருக்க, அதை இடுப்புக்குள் வலப்பக்கம் உள்ள ஒரு கெட்டியான நாரோடு கட்டியிருக்கிறார்கள். அத்தை வலது பிட்டத்தில் குத்துகிறது என்று சொல்வது அதனால்தான். சில வாரம் இருக்கும், போய்விடும். வலி காலுக்கு இறங்கி மரத்துப்போனால் மட்டும் டாக்டரிடம் சொல்.

தையல் எல்லாம் உள்ளே. வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லை. எனக்குக் கவலையே அதுதான். வயிற்றில் நீளமாகக் கட்டுப் போட்டிருந்தால் ஊரே "எந்திரிக்காதே" என்று சொல்லும். இதில் பார்க்க ஒன்றும் இல்லாததால், பத்தாம் நாளே "நல்லாத்தானே நடக்குறா" என்று பேச்சு வரும். இருபதாம் நாள் வலியும் குறைந்துவிடும். ஆனால் வழக்கமாகப் போடும் கரையும் நூல் மூன்று வாரத்தில் தன் பலத்தில் பாதியை இழந்துவிடும். அதற்குள் அவர் உடம்பு போட்டிருக்கும் புதுத் தழும்பு கெட்டிப்பட்டிருக்காது. நூலும் தளர்ந்து, தழும்பும் இளசாக இருக்கிற அந்த மூன்றாவது, நாலாவது வாரத்தில்தான் பெண்கள் சுகமாகிவிட்டது என்று நம்பிக் குடத்தை இடுப்பில் ஏற்றுகிறார்கள். நீ முதல் வாரத்தைவிட அந்த வாரங்களில்தான் கண்ணாக இருக்க வேண்டும்.

மதுரையிலிருந்து வருவது 150 கிலோமீட்டருக்கு மேல். பஸ் வேண்டாம், கார் வைத்துக்கொள்ளுங்கள். முன் சீட்டைச் சாய்த்து, அடியில் மெத்தென்று ஒரு தலையணை. மணிக்கு ஒருதரம் நிறுத்தி ஐந்து நிமிடம் நடக்க வை. கால் தொங்கியபடியே மூன்று நாலு மணி நேரம் உட்கார்ந்தால் கெண்டைக்காலில் ரத்தம் உறையலாம், இந்த வயதில் அது எளிதாக நடக்கும். வீட்டில் படுத்திருக்கும்போதும் மணிக்கு ஒருதரம் பாதத்தை மேலும் கீழுமாகப் பத்துத் தடவை ஆட்டச் சொல். நடை முதல் நாளிலிருந்தே உண்டு. வீட்டுக்குள் ஐந்து நிமிடம், பிறகு தெருவில் பத்து நிமிடம், இரண்டாம் வாரத்தில் காலையும் மாலையும் கால் மணி நேரம். கடற்கரை மணலில் வேண்டாம், கால் புதைந்தால் இடுப்பு இழுக்கும். தார் ரோட்டில் நடக்கட்டும்.

நார்க்கட்டில் தொய்வாக இருக்கும், அதிலிருந்து எழும்பும்போது வயிறு முக்கும். முழங்கால் உயரத்தில் பலகைக் கட்டில் போடு. எழும்பும்போது ஒருக்களித்துத் திரும்பி, இரண்டு காலையும் கீழே விட்டு, கையை ஊன்றி எழும்ப வேண்டும். மல்லாந்தபடியே தலையைத் தூக்கி எழுவதை முதல் நாளிலேயே நிறுத்திவிடு.

இனி மலம். சிரிக்காதே, இதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. ஒரு தடவை பலமாக முக்கினால், பின்பக்கத் தையல் மேல் விழுகிற அழுத்தம் ஒரு குடத்தைத் தூக்கியதற்குச் சமம் என்று வைத்துக்கொள். இப்போது வெயில் காலம், உப்புக்காற்றில் வியர்வை ஆறாக ஓடும், உடம்பு தண்ணீரை மலத்திலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். இதய நோயோ சிறுநீரக நோயோ இல்லாததால் நாளுக்கு 2 லிட்டருக்குக் குறையாமல் குடிக்க வேண்டும். ஒரு இரண்டு லிட்டர் பாட்டிலை நிரப்பி வை, ராத்திரி படுக்கும்முன் அது காலியாக வேண்டும். "தண்ணி குடிச்சா புண்ணு சீழ் பிடிக்கும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். எதிர்த்துப் பேசாதே, ஆனால் பாட்டிலை எடுத்துவிடாதே. சீழ் கிருமியால் பிடிக்கும், தண்ணீரால் பிடிக்காது.

பத்தியம் என்று சொல்லி வெறும் ரசச்சோறு போடுவதும் அப்படித்தான். தையல் கூடுவதற்குப் புரதம் வேண்டும். மீன் குழம்பு கொடு, முட்டை கொடு, பருப்பு கொடு. குண்டு மிளகாயை மட்டும் பாதியாக்கு, போகும்போது எரியும். முருங்கைக்கீரை, கேப்பைக் கூழ், பப்பாளி, ராத்திரி ஊறவைத்த உலர்திராட்சை நல்லது. பனை சீசன், நுங்கு தாராளமாகக் கொடு. பதநீரும் கருப்பட்டியும் மட்டும் சர்க்கரையைப் பார்த்துத்தான். சர்க்கரை ஏறினால் புண் ஆறாது, அதனால் சர்க்கரை மாத்திரை ஒரு வேளைகூட விடக் கூடாது.

டாக்டர் எழுதிக் கொடுத்த லாக்டுலோஸ் மருந்தைச் சொன்ன அளவில் ராத்திரி கொடு. "வெளிக்கி நல்லாப் போகுதே" என்று மூன்றாம் நாளே நிறுத்தக் கூடாது. அது மலத்தை இளக வைக்கிற மருந்து, நிறுத்தினால் இரண்டு நாளில் இறுகிவிடும். ஆறு வாரம் வரை தேவைப்படலாம். ரொம்ப இளகிப் போனால் அளவைக் குறைக்கச் சொல்லிக் கேள். விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்குவது, எனிமா வைப்பது இரண்டும் வேண்டவே வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகவும் இறுகியும் போகும், பயப்படாதே, மருந்தைச் சரிசெய்யச் சொல். வலிக்குக் கொடுக்கும் டிராமடால் போன்ற மாத்திரையும் மலத்தைக் கட்டும். வலி பொறுக்கிற அளவில் வந்ததும் பாராசிட்டமால் மட்டும் போதுமா என்று கேள். 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் எந்த ஆளுக்கும் கூடாது. அத்தை மெலிந்த உடம்பு, 50 கிலோவுக்குக் கீழே என்றால் அதைவிடக் குறைவாகத்தான்.

குந்தி உட்காரும் கக்கூஸ் இந்த ஆறு வாரத்துக்கு வேண்டாம். நடுவில் ஓட்டை உள்ள கமோடு நாற்காலி மெடிக்கல் கடையில் கிடைக்கும், அதைக் கக்கூஸ் மேலேயே வைக்கலாம். காலுக்கு அடியில் ஒரு சாண் உயரத்தில் பலகை. முழங்கையைத் தொடையில் ஊன்றி, முன்னால் சாய்ந்து, வாயைத் திறந்து மூச்சை மெல்ல விட வேண்டும். மூச்சைப் பிடித்தால்தான் முக்கல் வரும். சுத்தமான பேடு ஒன்றை மடித்துத் தையல் பக்கம் கையால் தாங்கிக்கொண்டால் பயம் போகும். ஐந்து நிமிடத்தில் வரவில்லையா, எழும்பிவிட வேண்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மூத்திரம் மூன்று, நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் போகவேண்டும். கடல் வேலைக்குப் போகிற பெண்கள் எல்லோருக்கும் அடக்கிப் பழக்கம். அதை இப்போது மாற்ற வேண்டும். போய் முடித்ததும் ஒரு நிமிடம் எழுந்து நின்று மறுபடி உட்கார்ந்து முன்னால் சாய்ந்தால் மிச்சமும் வந்துவிடும். மிச்சம் தங்கினால் கிருமி பிடிக்கும். எரிச்சல், காய்ச்சல், வயதானவர்களுக்குத் திடீரென்று புத்தி தடுமாறி ஆள் தெரியாமல் போவது, எல்லாமே மூத்திரக் கிருமியால் வரலாம்.

இன்னொன்று. முன்பு கர்ப்பப்பை இறங்கி மூத்திரக் குழாயை மடக்கி வைத்திருந்தது. இப்போது நேராகிவிட்டதால் இருமினால், தும்மினால் கொஞ்சம் சொட்டலாம். ஆபரேஷன் கெட்டுப்போய்விட்டது என்று அத்தை மனம் உடையக் கூடாது, நீ முன்பே சொல்லிவை. அடித்தசையை இறுக்கும் பயிற்சியில் பலருக்குக் குறையும், இல்லையென்றாலும் வழி இருக்கிறது. ஆனால் படுத்திருக்கும்போதும் நிற்காமல் நீராக ஒழுகினால் அது வேறு விஷயம், அன்றே காட்ட வேண்டும்.

வெள்ளையாகவோ மஞ்சளாகவோ நாலைந்து வாரம் கசியும், நூல் கரைவதுதான். சின்னத் துண்டு நூல் பேடில் வந்தால் பதறாதே. பத்து நாள் வாக்கில் பழுப்பு ரத்தம் கொஞ்சம் வரும், உள்ளே தேங்கியது கழிவது அது. பேடு மட்டுமே, உள்ளே எதுவும் வைக்கக் கூடாது. குளிக்கச் சொம்பால் ஊற்றினால் போதும், முன்னிருந்து பின்னாகக் கழுவி, துடைக்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். டெட்டால், மஞ்சள், வேப்பந்தண்ணீர் எதுவும் அந்த இடத்தில் படக் கூடாது. "கடல் தண்ணி பட்டா புண்ணு ஆறும்" என்று சொல்லி அக்னி தீர்த்தத்துக்குக் கூப்பிடுவார்கள். ஆறு வாரம் முடிந்து டாக்டர் பார்க்கும்வரை கடல் நீரும் வேண்டாம், தீர்த்தக் கிணறும் வேண்டாம்.

இனிப் பளு. ஆறு வாரம் முடியும்வரை இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலுக்கு மேல் எதுவும் அவர் கையில் ஏறக் கூடாது. பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் பிடிக்கும், நிறைந்தால் 15 கிலோ. கேஸ் சிலிண்டர் முழுசாக இருந்தால் 30 கிலோ வரும், அதை உருட்டக்கூட அவர் போகக் கூடாது. பேரன் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் இருப்பான், "அப்பத்தா தூக்கு" என்று அழுவான். அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவனைத் தூக்கி மடியில் வைப்பது உன் வேலை. குந்தி மீன் கழுவுவது, அரிவாள்மனை முன் உட்காருவது, குனிந்து முற்றம் பெருக்குவது, ஈரப் போர்வை பிழிவது எல்லாமே வயிற்றுக்குள் அழுத்தம் ஏற்றும் வேலைதான். அரிவதற்குக் கத்தியும் மேசையும் கொடுத்துவிடு, சும்மா இருக்கச் சொன்னால் இருக்க மாட்டார். விருந்தாளி வந்தால் எழுந்து காப்பி போடப் போவார், அதையும் பார்த்துக்கொள்.

தண்ணீர் யார் எடுப்பது என்று கேட்பாய். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கரையில்தான் நிற்கிறது. மாப்பிள்ளையும் அவர் தம்பியும் வீட்டில் இருக்கிறார்கள். குடிதண்ணீர்க் குடம் அவர்கள் தோளில் ஏறட்டும். ஆண்பிள்ளை குடம் தூக்கினால் தெரு பேசும் என்று அத்தை தடுத்தால், இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடம் கொடு.

இருமல் வந்தால் உடனே மருந்து பார். விறகடுப்புப் புகை, சாம்பிராணிப் புகை இரண்டையும் தள்ளி வை. இருமும் முன் அடிப்பக்கத்தை இறுக்கி, தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளச் சொல். வெற்றிலையோடு புகையிலை சேர்த்துப் போடுவார் என்று எனக்குத் தெரியும். அதில் இருக்கும் நிகோடின் ரத்தக் குழாயைச் சுருக்கும், புண்ணுக்குப் போகும் ரத்தம் குறையும். வெற்றிலை போடட்டும், புகையிலையை நிறுத்தட்டும்.

எப்போது பயப்பட வேண்டும் என்றால்: காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினால், ஒரு மணி நேரத்தில் பேடு முழுக்க நனைந்தால், கசிவில் கெட்ட நாற்றம் வந்தால், ஆறு மணி நேரமாக மூத்திரம் போகாமல் அடிவயிறு உப்பினால், வயிறு ஊதி வாந்தி எடுத்தால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால். கெண்டைக்கால் வீக்கத்துக்கும், நெஞ்சு வலி, மூச்சுத் திணறலுக்கும், பேடு நனைவதற்கும் 108ஐக் கூப்பிடு, மதுரை டாக்டருக்குப் போன் போட்டுக் காத்திருக்காதே. பாலம் தாண்டி ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே 40 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டு, மாத்திரைச் சீட்டு, காப்பீட்டு அட்டை மூன்றையும் ஒரே பையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டி வை.

ஆறாவது வாரம் டாக்டரிடம் போகும்போது மூன்று கேள்வி எழுதிக்கொண்டு போ. உள்ளே தையல் கூடிவிட்டதா? அடித்தசைப் பயிற்சி தொடங்கலாமா? உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு தேவையா? மாதவிலக்கு நின்று வெகுநாள் ஆன பெண்களுக்கு அந்த இடம் மெலிந்து காய்ந்திருக்கும், களிம்பு உதவும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு யோசித்துத்தான் கொடுப்பார்கள் என்பதால் பழைய நோய் எல்லாம் சொல்லிவிடு. தாம்பத்தியம் பற்றியும் அன்றைக்கே கேட்டுவிட வேண்டும். அதுவரை கூடாது. மருமகளாக நீ அத்தையிடமோ மாமாவிடமோ இதைச் சொல்ல முடியாது. நர்ஸம்மாவிடம் தனியாகச் சொல்லிவிடு, அவர்கள் அத்தையிடம் பேசிக்கொள்வார்கள்.

பயிற்சிக்குச் சம்மதம் கிடைத்ததும் இப்படிச் சொல்லிக்கொடு. காற்றையும் மூத்திரத்தையும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோல உள்ளே மேல்நோக்கி இழுக்க வேண்டும். மூன்று எண்ணும்வரை பிடித்து, அதே நேரம் விட்டு, எட்டுப் பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை. போகப் போகப் பத்து எண்ணும்வரை பிடிக்கலாம். பலர் மூச்சைப் பிடித்துக் கீழே முக்குகிறார்கள், அது நேர் எதிர் வேலை. தொடையும் பிட்டமும் அசையாமல், பேசிக்கொண்டே செய்ய முடிகிறதா என்று பார். மூத்திரம் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகக் கூடாது.

ஆறு வாரத்துக்குப் பிறகும் பளு ஒரேயடியாக ஏறக் கூடாது. அரைக் குடத்துக்குக்கூட மூன்று மாதம் ஆகட்டும். கடல்பாசி எடுக்கப் போவதைப் பற்றி அத்தை இப்போதே கேட்க ஆரம்பித்திருப்பார். முட்டளவு தண்ணீரில் நிற்பது பெரிய காரியமில்லை. ஈரப்பாசி நிறைந்த சாக்கைத் தண்ணீரிலிருந்து வத்தைக்கு, அந்தச் சிறு படகுக்கு, இழுத்து ஏற்றுவதுதான் இத்தனை வருஷமாக அவர் அடியை இறக்கியது. தழும்புக்குப் பழைய பலம் முழுசாக ஒருநாளும் திரும்பாது. அதனால் மூன்று மாதம் கழித்து டாக்டர் சரி என்றால், எடுக்கும் வேலை மட்டும் அவர் செய்யட்டும். சாக்கு ஏற்றுவதைச் சேர்ந்து போகிற இளம்பெண்களிடம் இப்போதே பேசிவை. பங்கில் கொஞ்சம் அவர்களுக்குக் கூடப் போனாலும் போகட்டும்.

கமோடு நாற்காலியை நாளைக் காலை ராமேஸ்வரம் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன், மாப்பிள்ளையைப் பாம்பன் பஸ் நிறுத்தத்தில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல். நாலு காலிலும் ரப்பர் புஷ் இருக்கிறதா என்று பார்த்த பிறகு அத்தையை உட்கார வை, ஈரத் தரையில் வழுக்கும்.

அன்புடன்,
அம்மா