குளிசைக்கும் ஒரு முடிவுத் திகதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மருந்து விலையேற்றம் பற்றிய தங்கள் தலையங்கத்தை வாசித்தேன். விலை ஒருபுறம் இருக்கட்டும், தேவையில்லாமல் விழுங்கும் குளிசைகளின் கணக்கு என்ன? நெஞ்செரிவுக்கு 2 வாரத்துக்கென வைத்தியர் எழுதித் தந்த ஒமெப்ரசோல் என்ற, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் குளிசையை, அதே பழைய மருந்துத் துண்டைக் காட்டி 3 வருடம் வாங்கிக் குடித்தவன் நான். நீண்டகாலம் எடுத்தால் விட்டமின் பி12, மக்னீசியம் குறையலாம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. இரவு 10 மணிக் கொத்துரொட்டியை விட்டேன். 7 மணிக்கே சாப்பிட்டுவிட்டு வெள்ளவத்தைக் கடற்கரையோரம் நடந்தேன். வைத்தியரின் ஆலோசனையோடு குளிசை நின்றது. (பிரஷர், சீனி வருத்தக் குளிசைகளை யாரும் தாமாக நிறுத்தக் கூடாது, அது வேறு கதை.)

மருந்துத் துண்டில் நிறுத்தும் திகதியையும் எழுதுவதையும், அது கடந்தால் மருந்தகங்கள் மருந்து தர மறுப்பதையும் சுகாதார அமைச்சு கட்டாயமாக்கலாம்.

வாசகர் ஒருவர்,
கொழும்பு 06