இ.எம்.ஐ. அப்படியே இருந்தால் சந்தேகப்படுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ரெப்போ வட்டி (வங்கிகளுக்குத் தரும் கடனுக்கு ரிசர்வ் வங்கி வாங்கும் வட்டி) குறைந்தாலே வீட்டுக் கடன்காரர்களுக்கு நல்ல காலம் என்று செய்தி வந்துவிடுகிறது. வட்டி ஏறியபோது அவர்கள் கணக்கில் என்ன நடந்தது என்பதை யாரும் எழுதுவதில்லை.

2022 ஏப்ரலில் சில்லறைப் பணவீக்கம் 7.79 சதவீதம். மே மாதம் ஏற்றத் தொடங்கிய ரிசர்வ் வங்கி, 4 சதவீதமாக இருந்த ரெப்போவை 2023 பிப்ரவரிக்குள் 6.50 ஆக்கியது. 2021இல் 6.75 சதவீதத்தில் 25 லட்சம், 20 ஆண்டுக்கு வாங்கியவரின் மாதத் தவணை (இ.எம்.ஐ.) சுமார் 19,010 ரூபாய். இரண்டு ஆண்டு கழித்து அசல் பாக்கி 23.73 லட்சம். ரெப்போவில் ஏறிய 2.50 சதவீதமும் சேர்ந்து வட்டி ஒரேயடியாக 9.25 ஆனது என்று வைத்துக் கணக்குப் போட்டால், மாத வட்டி மட்டும் 18,294. அசலில் கழிவது 715 ரூபாய்தான்! தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டினால், மீதி 216 மாதம் 427 ஆகிவிடும். 2025இல் ரெப்போ 1.25 சதவீதம் குறைந்தது. அதன்படி இவர் வட்டி 8 சதவீதத்துக்கு இறங்கினாலும், நான்கு ஆண்டு கட்டிய பிறகும் ஏறக்குறைய 22 ஆண்டு பாக்கி நிற்கும். தவணையில் 3,000 ரூபாய் கூட்டிக் கட்டினால் 188 மாதத்தில் முடியும்.

தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, ஒரு பகுதியை முன்கூட்டியே கட்டுவதா என்று கடன்காரரைக் கேட்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2023 ஆகஸ்ட் உத்தரவு. இதுவரை கழிந்த அசல், வட்டி, மீதித் தவணைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் காட்டும் அறிக்கையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தர வேண்டும். வராவிட்டால் கிளையில் எழுத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. வங்கிகளின் புதிய கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைந்தவை. வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வட்டியை ஏற்றுவதில் அவை காட்டும் வேகம் இறக்குவதில் இருப்பதில்லை.

மனை விலைக்கு வருவோம். அதே 19,010 ரூபாய் தவணைக்கு 6.75 சதவீதத்தில் 25 லட்சம் கிடைக்கும், 9.25இல் 20.75 லட்சம்தான். வட்டி இறங்கும்போது இந்த நாலு லட்சத்தை முதலில் மோப்பம் பிடிப்பவர் தரகர். புதுச்சேரிப் பக்கம் வில்லியனூரானாலும் கடலூர்ப் பக்கம் ரெட்டிச்சாவடியானாலும் சதுரடி விலையில் அது ஏறிவிடும். வட்டி ஏறினால் மட்டும் விலை அதே வேகத்தில் இறங்காது. கடனில்லாமல் மனை வாங்கிப் போட்டவருக்கு விற்க அவசரம் இல்லை, கிரயம்தான் நடக்காது. கடலூர்ப் பக்கம் பத்திரச் செலவு வேறு: முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 30 லட்சத்துக்கு 2.70 லட்சம். இது பொதுவாக வங்கிக் கடனில் அடங்காது. கையிலிருந்துதான் வர வேண்டும்.

சொந்தமாகக் கட்டுபவரைப் பணவீக்கம் இன்னொரு வழியில் பிடிக்கிறது. கடன் தொகை எஸ்டிமேட் போட்ட அன்றைய கம்பி, சிமென்ட், எம்-சாண்ட் விலையில் நிற்கிறது. பணமோ பேஸ்மட்டம், லிண்டல், தளம், பூச்சு என்று கட்டம் கட்டமாகத்தான் வரும். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை நின்று, தை மாதம் மறுபடி தொடங்கும்போது கூலியும் சரக்கும் ஏறியிருக்கும். தளம் போடும் கட்டத்தில் துண்டு விழும் தொகைக்கு நகை அடகுக்குப் போகிறது. அதற்கு வட்டி தனி. எஸ்டிமேட்டுக்கு மேல் பத்து சதவீதமாவது கையில் இல்லாமல் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டாமல் இருப்பதே நல்லது.

அடுத்த முறை வட்டிச் செய்தி வெளியிடும்போது, தவணைத் தொகையோடு மீதி மாதங்கள் எத்தனை ஆகும் என்ற சிறு அட்டவணையையும் சேர்த்துப் போட வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்