தடுத்த பந்துகளையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் பாடசாலை மகளிர் கைப்பந்தாட்ட (handball) போட்டி பற்றிய செய்தி வந்திருந்தது. யார் யார் எத்தனை கோல் போட்டார்கள் என்று பெயர் பெயராக எழுதியிருந்தீர்கள். தோற்ற அணியின் கோல் காப்பாளருக்கு ஒரே வரிதான்: 19 கோல்களை விட்டுவிட்டார் என்று. அந்தப் பிள்ளை என் மகள். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "அப்பா, இனி நான் கோலுக்கை நிக்க மாட்டன்" என்றாள்.

அன்று மைதான ஓரத்தில் நின்று அவள் தடுத்த பந்துகளை நான் எண்ணினேன். 11. அதில் இரண்டு, 7 மீற்றர் எறிதல்கள், அதாவது காப்பாளரை மட்டும் எதிரே வைத்து எறியும் தண்டனை எறிதல்கள். இரவு பார்த்தேன், முழங்கைக்குக் கீழே பந்தின் தையல் தெரியும் அளவுக்குச் சிவந்து கிடந்தது. கைப்பந்தில் கோல் காப்பாளருக்குக் கையுறை கிடையாது.

உதைபந்தாட்டத்தில் ஒரு கோல் விட்டாலே குறை சொல்வோம். அந்தக் கண்ணால் இந்த ஆட்டத்தைப் பார்க்கக் கூடாது. கோல் 3 மீற்றர் அகலம், 2 மீற்றர் உயரம். எறிபவர் 6 மீற்றர் கோட்டிலிருந்து உள்ளே பாய்ந்து, கால் நிலத்தில் படுமுன் எறியலாம். பெரிய போட்டிகளில் பந்து மணிக்கு 100 கிலோமீற்றருக்கு மேல் வரும். பந்து கையை விட்ட பிறகு பார்த்து அசைந்தால் பிந்திவிடும். எறிபவரின் தோளையும் மணிக்கட்டையும் பார்த்தே கையையும் காலையும் விரிக்க வேண்டும். அதனால்தான் பத்தில் மூன்று, நான்கைத் தடுப்பவரை நல்ல காப்பாளர் என்கிறார்கள். என் மகள் 30இல் 11ஐத் தடுத்தாள்.

ஒஸ்லோவில் இருக்கும் அக்காதான் எங்களுக்கு இந்த ஆட்டத்தைப் பழக்கியவர். 2024 ஓகஸ்ட் 10, சனிக்கிழமை பின்னேரம், பாரிஸ் ஒலிம்பிக் மகளிர் இறுதிப் போட்டியை மகளும் நானும் போனில் பார்த்தோம். நோர்வே 29, பிரான்ஸ் 21. நோர்வேயின் கோலில் நின்ற கத்ரினே லுண்டேக்கு அப்போது 44 வயது! 2008இலும் 2012இலும் தங்கம் வென்றவர், பன்னிரண்டு வருடம் கழித்து மூன்றாவது தங்கத்தையும் கழுத்தில் போட்டார். நடுவில் நடந்த இரண்டு ஒலிம்பிக்கிலும் வெண்கலம். அவர் நின்ற கோலுக்குள்ளும் எத்தனையோ பந்துகள் போயிருக்கின்றன. எறிபவர்களைப் பார்த்துப் பார்த்தே இந்த வேலை கைக்கு வரும், அதற்கு வருடக்கணக்கு வேண்டும். என் மகளுக்கு இப்போதுதான் 16.

வலைப்பந்தாட்டத்தில் இலங்கை அணிக்காகத் தர்ஜினி சிவலிங்கம் வளையத்துக்குள் போட்ட பந்துகளை எண்ணி மகிழ்ந்த ஊர் இது. கோல் போடுபவரைக் கொண்டாடுவதில் பிழையே இல்லை, கொண்டாடுங்கள். பக்கத்தில் தடுத்த எண்ணிக்கையையும் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன். 'வந்த பந்து 30, தடுத்தது 11'. இதற்கு அரை வரி போதும்.

மகளைப் பேசிச் சமாளித்து மறுபடி பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறேன். அடுத்த போட்டிக்கு உங்கள் நிருபர் வந்தால் என்னிடம் கேட்கட்டும். இரண்டு பக்கத்துக் காப்பாளர்களின் கணக்கையும் கொப்பியில் குறித்து வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு கோல் காப்பாளரின் தகப்பன்,
உரும்பிராய்.